முறை – யார் வகுத்த முறை?

சோமனூரிலும் கருமத்தம்பட்டியிலும் சூலூரிலும், விசைத்தறியின் ஓசை ஓயாத வீடுகளிலே, பாகப்பிரிவினைப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு வாசகங்கள் தவறாது எழுகின்றன. "பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்று, பங்கு எதற்கு?" என்பது ஒன்று. "அவன் முறைப்படி வந்த பிள்ளைதானா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் துணையாக நிறுத்தப்படுவது ஒரே சொல்: முறை! முறை என்றதும் வாய் அடைத்துப் போகிறது; வழக்குப் பேச வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறாள்.

இந்த முறையை யார் வகுத்தார்கள்? எப்போது வகுத்தார்கள்? யாருடைய நன்மைக்காக வகுத்தார்கள்? என்றும் மாறாதது என்று கூறப்படும் இது, உண்மையிலேயே மாறாமல் இருந்ததுண்டா? கேட்க வேண்டிய கேள்விகள் இவை. விடை தேட நாம் எட்டுத் தறிக்காரன் வீட்டுக்குச் செல்ல வேண்டுவதில்லை. முறை, மரபு, குலம், வாரிசு என்ற சொற்களை மிக உரக்க முழங்கிய இடம் அரண்மனை. அங்கேயே போய்ப் பார்ப்போம், வாருங்கள்!

சீமையிலே நடந்த கூத்து

இங்கிலாந்தின் எட்டாம் என்றி மன்னன் 1509ஆம் ஆண்டு, தன் இறந்துபோன அண்ணனின் மனைவியாயிருந்த காதரைனை மணந்தான். போப்பாண்டவரே அனுமதி வழங்கிய திருமணம் அது. அவர்களுக்குப் பிறந்த மேரி அரசிளங்குமரி, ஐயமில்லாத வாரிசு. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது செல்லுபடியான திருமணமாகவே இருந்தது. பின்னர் மன்னனுக்கு ஆண் பிள்ளை வேண்டும் என்ற ஆசையும், ஆன் பொலின் மீது மையலும் வந்தன. உடனே 1533இல் பழைய திருமணம் செல்லாது என்றனர் குருமார். நேற்று வரை இளவரசியாயிருந்த மேரி, ஒரே நாளில் முறையற்ற மகளானாள்!

அதே 1533ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆன் பொலின் ஈன்ற மகள் எலிசபெத். மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. 1536 மே மாதம் ஆன் பொலினின் தலை உருண்டது. எலிசபெத்தும் முறையற்றவள் என்று பாராளுமன்றமே சட்டம் இயற்றிற்று. பின்னர் 1544இல் வேறொரு சட்டம்: இரு பெண்களும் முறையற்றவர்களாகவே இருக்கட்டும், ஆயினும் பட்டத்துக்கு வரலாம் என்று! 1553இல் மேரி அரியணை ஏறினாள். 1558இல் எலிசபெத் ஏறினாள். நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்டாள்.

எண்ணிப் பாருங்கள். பிறந்த குழந்தை ஒன்றே. பெற்ற தாயும் தந்தையும் அவர்களே. மாறியது என்ன? அப்பனின் விருப்பம் மாறிற்று. அதிகாரத்தின் தேவை மாறிற்று. அதற்கேற்பக் குருமார் எடுத்த ஏடு மாறிற்று. அவ்வளவே! கடவுள் அளித்த முறை என்பது, கையிலே முத்திரை மோதிரம் வைத்திருந்தவன் அளித்த முறையாக முடிந்தது.

பூணூலும் மறுமணமும்

"அது வெள்ளையன் நாட்டுக் கதை, நம் நாட்டிலே சாத்திரம் அசையாது" என்று மீசை முறுக்குவோர் உண்டு. அவர்களை 1674ஆம் ஆண்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

வாளால் நாடு பிடித்த மராட்டிய சிவாஜி முடிசூட விரும்பினான். சத்திரியன் அல்லாதவனுக்கு முடியேது என்று மறித்தனர் வைதிகர். காசியிலிருந்து காகபட்டர் வரவழைக்கப்பட்டார். சிவாஜியின் வம்சம் உதயப்பூர் இராசபுத்திர மரபோடு இணைக்கப்பட்டது. நாற்பது வயதைத் தாண்டியவனுக்குப் பூணூல் பூட்டப்பட்டது. பல ஆண்டு குடும்பம் நடத்திய மனைவியரையே மீண்டும் ஒருமுறை வேதச் சடங்கோடு மணந்தான். அதன் பிறகே, 1674 சூன் 6 அன்று, முடிசூட்டு விழா நடந்தது. பொருள் வாரி வழங்கப்பட்டது. பேரறிஞர் அண்ணா "சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்" நாடகத்தில் நமக்குக் காட்டியது இந்தக் காட்சியைத்தான். அதில் சிவாஜியாக நடித்த கணேசன் என்ற இளைஞருக்குப் பெரியார் வாயாலேயே "சிவாஜி" பட்டம் கிடைத்ததையும் நாடு அறியும்.

அந்த மறுமணத்தின் பொருளை உணர்ந்தீர்களா? முன்னர் நடந்த திருமணங்கள் சடங்குக் கணக்கில் போதாதவை என்பதே! பிள்ளை பெற்று வளர்த்த தாய்மார்களை மீண்டும் மணமேடையில் உட்கார வைத்தது சாத்திரம்.

அந்தச் சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான தம்பி வெங்கோஜி. ஏகோஜி என்றும் அழைக்கப்பட்ட அவன்தான் தஞ்சையைப் பிடித்து அங்கே மராட்டிய அரசை நிறுவினான். காவிரிக் கரையிலே அந்த மரபு 1855 வரை இருந்தது. வாரிசு முறை என்ற பொம்மை அங்கே ஆடிய ஆட்டத்தைக் கேளுங்கள்.

கோட்டைக்கு விலைபோன வாரிசுரிமை

1739இல் பிரதாபசிங்கன் தஞ்சை அரியணையில் அமர்ந்தான். பதவியிழந்த சாகுஜி, "நானே முறையான வாரிசு, பிரதாபசிங்கன் முறைப்படி மணந்த மனைவிக்குப் பிறந்தவனல்லன்" என்று ஆங்கிலேயரிடம் முறையிட்டான். கடலூருக்கருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இருந்த கும்பினியாருக்கு அறச்சீற்றம் பொங்கிற்று! முறையான வாரிசுக்கு நியாயம் வழங்க 1749இல் படை புறப்பட்டது. முதல் படையெடுப்பு தோற்றது. இரண்டாம் படையெடுப்பில், கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திலுள்ள தேவிக்கோட்டை வீழ்ந்தது. அந்தப் போரில் கிளைவும் இருந்தான்.

கோட்டை கைக்கு வந்தது, அறச்சீற்றம் அடங்கிற்று. தேவிக்கோட்டையைத் தங்களுக்கே விட்டுக்கொடுத்த பிரதாபசிங்கனோடு கும்பினியார் சமாதானம் செய்துகொண்டனர். முறையற்றவன் என்று நேற்று கூறப்பட்டவன் இன்று மன்னன். முறையான வாரிசு என்று தூக்கி வரப்பட்ட சாகுஜிக்கு ஓர் உபகாரச் சம்பளம், அவ்வளவே! பிறப்பின் தூய்மைக்கு அங்கே நிர்ணயிக்கப்பட்ட விலை ஒரு கடற்கரைக் கோட்டை.

பிரதாபசிங்கனின் மகன் துளஜாஜி. தன் பிள்ளைகளை இழந்த அவன், 1787 தொடக்கத்தில் சாவுப் படுக்கையிலிருந்து சரபோஜி என்ற சிறுவனைத் தத்தெடுத்தான். துளஜாஜி இறந்ததும், மாற்றாந்தாய் மகனான தம்பி அமர்சிங் பட்டத்துக்கு உரிமை கொண்டாடினான். சென்னைக் கவர்னர் ஆர்ச்சிபால்ட் கேம்பல் பண்டிதர்களைக் கூட்டினார். அவர்கள் ஏடு புரட்டினர். தத்தெடுத்தவன் சித்தத் தெளிவுடன் இல்லை. பையனுக்கு வயது மீறிவிட்டது. அவன் தன் தந்தைக்கு ஒரே மகன். எனவே தத்து செல்லாது என்றனர். அமர்சிங் முடிசூடினான்.

பதினோரு ஆண்டுகள் கழிந்தன. அமர்சிங்கின் ஆட்சி கும்பினிக்குக் கசந்தது. சரபோஜிக்குப் பாதுகாவலராயிருந்த பாதிரியார் சுவார்ட்சு இடைவிடாது மனுச் செய்தார். இப்போது வங்காளத்திலும் காசியிலும் இருந்த பண்டிதர்களிடம் அதே கேள்வி அனுப்பப்பட்டது. அவர்களும் ஏடு புரட்டினர். தத்து செல்லும் என்றனர்! அதே சிறுவன், அதே தத்து, அதே சாத்திரம். தஞ்சையில் செல்லாதது காசியில் செல்லுபடியாயிற்று! 1798இல் அமர்சிங் இறக்கப்பட்டான், சரபோஜி ஏற்றப்பட்டான்.

ஏற்றியதற்குக் கூலி என்ன? மறு ஆண்டே, 1799 அக்டோபர் 25 அன்று எழுதப்பட்ட உடன்படிக்கை. நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினிக்கு. மன்னனுக்குத் தஞ்சைக் கோட்டை, ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகன், வருவாயில் ஐந்திலொரு பங்கு. சரபோஜி நல்ல கல்விமான். சரசுவதி மகாலுக்கு அவன் சேர்த்த ஏடுகள் இன்றும் நமக்குப் பயன்படுகின்றன. அவன் தனிப்பட்ட சிறப்பை நாம் குறைக்கவில்லை. ஆனால் அவனுடைய முறைமையை நிலைநாட்டிய கையே, அவன் நாட்டையும் வாங்கிக்கொண்டது என்பதை மறைக்க முடியுமா?

மன்னன் மகளுக்கு மறுக்கப்பட்டது

சரபோஜியின் மகன் சிவாஜி. அவன் 1855 அக்டோபரில் ஆண் பிள்ளையின்றி மாண்டான். மனைவியர் பலர்; மகள்கள் இருவர். மகளைப் பட்டத்துக்குரியவளாக ஏற்கலாம் என்று தஞ்சையிலிருந்த ஆங்கிலப் பிரதிநிதி போர்பஸ் எழுதினார். இலண்டனில் அமர்ந்திருந்த கும்பினி இயக்குநர்கள் திடீரென்று இந்து தர்ம சாத்திரிகளாக மாறிவிட்டனர்! இந்து மன்னனின் மகளுக்குப் பட்டத்தில் உரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தனர். அப்போது அவர்கள் நாட்டு அரியணையில் அமர்ந்திருந்தவர் யார்? ஒரு பெண், விக்டோரியா மகாராணி! தன் நாட்டிலே மகள் ஆளலாம், தஞ்சையிலே ஆளக்கூடாது. எந்த ஏடு இலாபம் தருமோ அந்த ஏடு!

நாடு போனது போதாதென்று, 1856 அக்டோபரில் படைவீரரோடு சென்று அரண்மனைப் பொருள்களுக்கும் முத்திரை வைத்தனர். மூத்த இராணி காமாட்சிபாய் அஞ்சவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார், வென்றார். ஆனால் 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. அரசு தன் அரசதிகாரத்தால் செய்த செயலை எந்த நீதிமன்றமும் விசாரிக்க இயலாது என்பது அதன் முடிவு. முறையா, முறையற்றதா என்ற கேள்விக்கே இடமில்லை. வலியவன் எடுத்தான், எடுத்தது எடுத்ததுதான்! அரண்மனைச் சொத்து பின்னர் 1862இல் அரசின் இரக்கத்தால் திரும்பி வந்தது, உரிமையாக அல்ல.

இன்னும் ஒரு காட்சி எஞ்சியிருக்கிறது. மன்னர்கள் தங்கள் நிலைக்குத் தாழ்ந்தவர் என்று கருதிய பெண்களைக் கத்தி மணம் செய்துகொண்டார்கள். மன்னன் வரமாட்டான், அவன் கத்தி வரும். இன்பம் மன்னனுக்கு, தாலி கத்தியின் பெயரால்! அந்தப் பெண்களின் வழிவந்தோர் சொத்துரிமை கேட்ட வழக்கு, கோல்காப்பூர் மகாராசாவும் ஒரு தரப்பாக நிற்க, சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. தஞ்சை அரச குடும்பம் சத்திரியரா, சூத்திரரா என்று நீதிபதிகள் ஆராய வேண்டியதாயிற்று. ஏன்? சூத்திரனாயின் அவன் சேர்த்துக்கொண்ட பெண்ணின் பிள்ளைக்குப் பங்கு உண்டு. மேல்மூன்று வருணத்தவனாயின் பிள்ளைக்குச் சோறு மட்டுமே என்பது சாத்திரச் சட்டம். 1924இல் தீர்ப்பு வந்தது: தஞ்சை மராட்டிய மன்னர் சூத்திரரே!

1674இல் பூணூல் பூட்டிச் சத்திரியன் என்றார் காகபட்டர். சரியாக 250 ஆண்டுகள் கழித்து, அதே குடும்பத்தைச் சூத்திரர் என்றது நீதிமன்றம். இதையா மாறாத முறை என்று நம்மை நம்பச் சொல்கிறீர்கள்?

"மன்னர் கதை நமக்கேன்?"

சிலர் கேட்கக் கூடும்: "முடி போயிற்று; 1971இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. அரண்மனைச் சூதை எங்கள் குடும்ப ஒழுங்கோடு ஏன் முடிச்சுப் போடுகிறீர்? முறை என்று ஒன்று இல்லாவிட்டால் குடும்பம் சிதறாதோ?"

ஒழுங்கு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பாவு ஒழுங்காக இல்லையேல் துணி இல்லை என்பதைத் தறிக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா? நாம் கேட்பது வேறு. இருவர் மனமொப்பி இணைவதையும், பெற்ற பிள்ளைக்கெல்லாம் சமமாகப் பகிர்வதையும் ஒழுங்கு என்கிறோம். வலியவனுக்கு நெகிழ்ந்து, எளியவளுக்கு இறுகுவதை ஒழுங்கு என்று ஏற்க மறுக்கிறோம். மன்னனின் முறை மன்னனோடு மடியவில்லை. அது நம் கூடத்துக்குக் குடிவந்துவிட்டது. குலப்பெருமை என்று பெயரும் வைத்துக்கொண்டது.

அந்தப் பெருமை நம் மக்களைச் சுட்ட கதையை நினைவூட்டுகிறேன். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னின்று முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தினார். புரோகிதர் இல்லை, புரியாத மந்திரம் இல்லை. ஆயிரமாயிரம் இணையர் அவ்வழி நின்றனர். ஆனால் 1953இல், ஒரு சொத்து வழக்கில், அத்தகைய திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்றது சென்னை உயர்நீதிமன்றம். ஒரு தீர்ப்பு! நாடெங்கும் மானத்தோடு வாழ்ந்த தாய்மார் சட்டத்தின் கண்ணில் மனைவியரல்லர் ஆயினர். அவர் மடியிலிருந்த குழந்தைகள் முறையற்ற பிள்ளைகள் ஆயினர். மேரிக்கும் எலிசபெத்துக்கும் நேர்ந்தது, நம் ஏழைக் குடிசைக் குழந்தைகளுக்கும் நேர்ந்தது!

அந்தக் கறையைத் துடைத்தது யார்? ஆட்சிக்கு வந்த முதலாண்டிலேயே, 1967இல், அண்ணா கொண்டுவந்த சட்டம். உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் உறுதி கூறி, மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் தாலி கட்டினாலும் திருமணம் திருமணமே! முன்னர் நடந்தவையும் செல்லும் என்று அச்சட்டம் பின்னோக்கிச் சென்று காத்தது. 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வேறுபாட்டைக் காண்க: என்றி மன்னன் தன் மகளை முறையற்றவளாக்கச் சட்டம் செய்தான், அண்ணா ஊரார் பிள்ளைகளை எல்லாம் முறையானவர்களாக்கச் சட்டம் செய்தார்.

தறிக்காரன் மகள்

1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. சிரித்தவர் பலர். அறுபது ஆண்டுகள் கழித்து, கலைஞர் ஆட்சியில் 1989இல் அது சட்டமாயிற்று. இந்தியா முழுமைக்கும் 2005இல் வந்தது. மகளுக்கு உரிமை பிறப்பாலேயே உண்டு, தந்தை உயிரோடிருந்த நாளைக் கணக்கிட வேண்டுவதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் தெளிவாக்கிற்று. தஞ்சை மன்னன் மகளுக்கு மறுக்கப்பட்ட உரிமை, இன்று சோமனூர்த் தறிக்காரன் மகளுக்கு உண்டு!

உண்டு, ஆனால் அவள் கைக்கு வருகிறதா? பத்திரப் பதிவு அலுவலக வாயிலில் ஒரு நாள் நின்று பாருங்கள். வாடகைக் காரில் அக்காளும் தங்கையும் அழைத்துவரப்படுகிறார்கள். விடுதலைப் பத்திரம் ஆயத்தமாக இருக்கிறது. "நோம்பிக்குச் சீர் வரும், அண்ணன் வீடு என்றும் உனக்குத் திறந்திருக்கும்" என்று கூறிக் கையொப்பம் வாங்கப்படுகிறது. யாருக்கு விடுதலை? அண்ணனுக்குப் பங்கிலிருந்து விடுதலை! தார் சுற்றியவள் அவள். அறுந்த நூலைப் பிணைத்தவள் அவள். இரவு முறையில் அப்பனுக்குச் சோறு சுமந்தவள் அவள். தறிக்கூடத்தின் ஒவ்வொரு செங்கல்லிலும் அவள் உழைப்பு இருக்கிறது. பங்கு கேட்டால் மட்டும் பிறந்த வீட்டுக்கு ஆகாதவள்! இலண்டன் இயக்குநர்கள் 1856இல் பேசியதற்கும், நாம் கூடத்தில் அமர்ந்து பேசுவதற்கும் என்ன வேறுபாடு?

பிள்ளைகளின் நிலையையும் பாருங்கள். சட்டப்படி செல்லாத மணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும், பாகத்தில் தாய் தந்தையருக்கு வந்துசேரும் பங்கில் உரிமை உண்டு என்று 2023 செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம் உரைத்துவிட்டது. சட்டம் தெளிந்த பிறகும், நம் நாவு தெளியவில்லை. பள்ளிக்கூடத்துச் சண்டையிலே சிறுவனை நோக்கி எறியப்படும் வசை எது? அவன் அப்பன் யார் என்பதுதானே! தான் செய்யாத செயலுக்கு, தான் பிறக்குமுன் நடந்த ஒன்றுக்கு, அந்தப் பிஞ்சு தலைகுனிய வேண்டுமாம்.

இந்தக் குலப்பெருமை வசையோடு நிற்பதில்லை, தோழர்களே! 2016 மார்ச் 13 அன்று நமக்கு அருகே உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், மக்கள் நடமாட்டத்தின் நடுவே, சாதி கடந்து மணந்த ஓர் இளைஞன் வெட்டிச் சாய்க்கப்பட்டான். மனைவியும் வெட்டுண்டாள். வயது வந்த இருவர் மணமுடிக்க இசைந்தால், குறுக்கே நிற்கக் குடும்பத்துக்கோ ஊர்க் கூட்டத்துக்கோ உரிமையில்லை என்று 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கூறிற்று. கூறியும் என்ன? முறை கெட்டது என்று முணுமுணுப்போர், அரிவாளைத் தூக்கியவனைக் கண்டு முணுமுணுப்பதில்லை.

ஆகவே தோழர்களே, ஒருவர் "முறை" என்று அடுத்த முறை உங்கள் முன் பேசும்போது, வாய் மூடி இருந்துவிடாதீர்கள். எந்த முறை என்று கேளுங்கள். தேவிக்கோட்டைக்கு விலைபோன முறையா? தஞ்சையில் செல்லாமல் காசியில் செல்லுபடியான முறையா? கத்தியைக் கட்டிலுக்கு அனுப்பிய முறையா? என்று அடுக்கிக் கேளுங்கள்!

உங்கள் வீட்டிலே பாகப்பிரிவினை நடக்குமாயின், உங்கள் தங்கையின் பெயரையும் பாகத்தில் எழுதுங்கள். விடுதலைப் பத்திரத்தை நீட்டாதீர்கள். சாதி கடந்து மணந்த இணையர் உங்கள் தெருவுக்கு வந்தால், வாடகைக்கு வீடு மறுக்காதீர்கள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையொப்பம் இடுங்கள். பிள்ளையைப் பார்த்து, யார் பிள்ளை என்று கேட்காதீர்கள். என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். சட்டமன்றத்தில் அண்ணாவும் கலைஞரும் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தார்கள். கூடத்திலும் தறிக்கூடத்திலும் செய்ய வேண்டியது எஞ்சி நிற்கிறது. அது நம் கடன். அதை நாமே முடிப்போம்!